மச்சக்காரியின் விருந்தாளி

இன்னைக்கு வந்தாகணும், வராம எங்க போயிரும் என்று இசக்கி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொல்லிக்கொண்டே கயிற்றில் தொங்கினாள். தொங்கினாள் என்றதும் யாரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ள வேண்டாம். இடுப்பிலும் தொடையிலும் பட்டையை இறுக்கி, தலையில் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, களக்காட்டு மலைக்காட்டில் ஒரு மரத்தின் உச்சியில், பாதி கிளையிலும் பாதி காற்றிலுமாகச் சொகுசாகத்தான் உட்கார்ந்திருந்தாள். மூஞ்சிக்கு நேரே, கையை நீட்டினால் தொடலாம், ஒரு பூங்கொத்து. கொத்து முழுக்க மொட்டு. இந்த வருஷத்துக்கு இந்த மரத்தில் மிச்சமிருப்பது இது ஒன்றுதான். மரத்துக்கு லத்தீனில் ஒரு பேர் உண்டு, அதைச் சொல்லி முடிப்பதற்குள் பூ வாடிவிடும். அடிமரத்தில் கன்னத்து மச்சம் மாதிரி ஒரு கறுப்பு முண்டு இருப்பதால் ஆராய்ச்சிக்கு வந்த இவர்கள் வைத்த பேர் மச்சக்காரி. மச்சக்காரியிடம் மூணு வருஷமாக ஒரே கேள்வி. ஏட்டி, உன் பூவுக்கு வாரது யாரு? ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்துக்கு யாரோ சுமந்துகொண்டு போகிறார்கள், இல்லாவிட்டால் காய் ஏது, விதை ஏது, இந்தச் சாதி மரம் காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்பதுதான் ஏது. அந்த யாரோ பறவையா, வண்டா, வண்ணத்துப்பூச்சியா? யாருக்கும் தெரியாது. உலகத்திலேயே யாருக்கும் தெரியாது! அதை நினைத்தால் இப்போதும் அவள் வயிற்றுக்குள் ஜிவ்வென்று என்னவோ ஏறும், ராட்டினம் மேலே போகிறபோது ஏறுமே, அது. ஆனால் ஆராய்ச்சிக்குக் கொடுத்த கெடு இந்தப் பூவோடு முடிகிறது. விடையில்லாமல் இறங்கினால் பெங்களூரில் ஏசி அறை, கம்ப்யூட்டர், மற்றவர்கள் காட்டில் பார்த்துவிட்டு வந்ததைக் கட்டம் கட்டமாக நிரப்புகிற வேலை. ஆராய்ச்சியை நடத்துகிற மேடத்திடம் சரி என்று வாக்குக் கொடுத்தாயிற்று.

காற்று வந்தது. மச்சக்காரி தலையை ஆட்டினாள், ஆட்டினால் இசக்கியும் ஆடத்தானே வேண்டும். போன வருஷம் இதே கிளையில்தான் கொக்கி வழுக்கி ஓர் ஆள் உயரம் சர்ரென்று இறங்கினாள், பிறகு இன்னொரு கயிறு பிடித்துக்கொண்டது, ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரிடமும் சிரித்துச் சிரித்துச் சொன்னாள், ஆனால் உள்ளங்கை மட்டும் சிரிக்கவில்லை, அது இன்றுவரை மறக்கவில்லை, காற்று வந்தால் போதும், அதுபாட்டுக்கு வேர்க்கும். இப்போதும் வேர்த்தது. வேர்க்கட்டும் சவம். பயம் வேறு, ஆசை வேறு, இரண்டும் ஒரே கயிற்றில்தான் ஏறி வருகின்றன, ஒன்றை மட்டும் அவிழ்த்து விட முடியுமா? கீழே பார்த்தாள். கீழே தரை இல்லை, இலைதான், இலைக்குக் கீழே இலை, பச்சையில் இத்தனை பச்சையா என்று கேட்கிற அளவுக்குப் பச்சை, பள்ளத்தில் எங்கோ ஓடை சளசளக்கிற சத்தம், அதற்கும் அந்தப் பக்கம் ஒரு சோலைமந்திக் கூட்டம் பலாவுக்கு அடித்துக்கொள்கிற சத்தம். அம்மா இதைப் பார்த்தால் மயங்கி விழுவாள். அம்பாசமுத்திரத்தில் பக்கத்து வீட்டு அக்காவிடம், எம்மவ சயின்டிஸ்ட்டு என்று நீட்டி முழக்குகிற அம்மாதான் போனில் வேறு பாட்டுப் பாடுவாள். "ஏட்டி, மரத்துல ஏறுததுக்கா உன்ன இம்புட்டுப் படிக்க வச்சேன்? எதிர்த்த வீட்டு டேவிட் பய எட்டாங்கிளாஸ் ஃபெயிலு, அவனும் தென்னை மரத்துல தான ஏறுதான்?" டேவிட் தேங்காயோடு இறங்கிவிடுவான், இவள் மூணு வருஷமாக வெறுங்கையோடு இறங்குகிறாள், அதுதான் வித்தியாசம். இன்னைக்கு வந்தாகணும்.

தோள்பட்டையில் வாக்கி-டாக்கி கரகரத்தது. "தங்கச்சி, இருக்கியா?" மாசானம். கீழே கயிற்றுக்குக் காவல் இருக்கிற மாசானம், பாபநாசத்துக்காரர், இந்த ஆராய்ச்சியில் முதல் நாளிலிருந்து இவளோடு சரிபாதியாகக் கூடவே நிற்பவர், ஒரு நாள் அவர் மேலே என்றால் மறுநாள் இவள் மேலே. "இருக்கேண்ணே, எங்க போவேன்?" "தைலம் போடாம ஏறிட்டியே. நான் ஜீப்புல தேடிட்டு வாரதுக்குள்ள நீ பாதி மரத்துல நிக்க. கடிச்சுப் பிடுங்கப் போவுது பாத்துக்க." அட ஆமா, தைலம்! இசக்கி நாக்கைக் கடித்துக்கொண்டாள். இந்த மூணு வருஷத்தில் தைலம் போடாமல் யாரும் மச்சக்காரி மேல் கால் வைத்தது கிடையாது. மாசானமே காய்ச்சுகிற தைலம் அது. தேங்காய் எண்ணெயில் வேப்பெண்ணெய் கொஞ்சம், எலுமிச்சம்புல் தைலம் தாராளமாக, ஒரு கை கற்பூரம், இன்னும் சொல்லமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஏதோ இரண்டு சரக்கு. ஏறுகிறவர் குனிந்து நிற்க, அவர் பிடரியிலும் காதுக்குப் பின்னாலும் கைமுட்டியிலும் கோயில் பூசாரி மாதிரி தடவிவிடுவார், தடவியபின்தான் கயிறு. கொசு, ஈ, பேர் தெரியாத கடிப்பூச்சி எதுவும் கிட்டத்தில் வராது. மனுசரும் வரமாட்டார்கள் என்பது வேறு கதை. இன்று ஏறும்போது இவள் அவசரத்தில் இருந்தாள். விடியும்போதே மொட்டு உப்பிவிட்டதைத் தொலைநோக்கியில் பார்த்துவிட்டாள், பார்த்தபின் கால் தரையில் நிற்குமா? "பாட்டில் ஜீப்புலயும் இல்ல, கூடாரத்துல கெடக்கு போல. போயி எடுத்தாந்து கயித்துல கட்டி அனுப்புதேன், இரு." "மெதுவா வாங்கண்ணே, ஒண்ணும் அவசரம் இல்ல." "உனக்கு இல்ல, கொசுவுக்கு இருக்கும்லா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வெயில் இலை வழியாக இறங்கிக் கொத்தின் மேல் விழுந்தது, விழுந்ததுதான் தாமதம், மொட்டுகளில் ஒன்று அசைந்தது. யாரும் தொடவில்லை, காற்று இல்லை, அதுவாக அசைந்தது. இசக்கிக்கு மூச்சு நின்றுபோயிற்று. எத்தனை தடவை பார்த்தாலும் இந்த இடத்தில் அவளுக்கு மூச்சு நிற்கும். இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தவை பட்டென்று விட்டுக்கொடுக்கும், வெண்ணெய் நிறத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சின்னக் குடுவை, உள்ளே செம்மண் நிறத்தில் கோடு, பிறகு ஒரு வாசனை, பழுத்த வாழைப்பழத்தோடு லேசாகக் கிராம்பு கலந்த மாதிரி, இல்லை, அதுவும் இல்லை, சொல்ல வரவில்லை, வராமலே இருக்கட்டும். கடவுளே, எவ்வளவு அழகு! ஆனால் இந்தக் குடுவைக்கு வாய் இவ்வளவு குறுகலாக ஏன்? இதுதான் அவளை மூணு வருஷமாக அரிக்கிற இடம். யோசனை எங்கே சுற்றினாலும் இங்கே வந்து மாட்டிக்கொள்ளும், சேலைத் தலைப்பு கதவுத் தாழ்ப்பாளில் மாட்டுவது போல. இந்த வாய்க்குள் தேன்சிட்டின் அலகு நுழையாது. பெரிய வண்டு நுழையாது. ஒருவேளை நீள நாக்கு வைத்த ஏதோ ஒரு பட்டாம்பூச்சி, யாரும் இதுவரை பார்க்காதது, நீலமும் பொன்னுமாகத் தகதகவென்று வந்து நிற்கப் போகிறது, இசக்கி கேமராவை அமுக்கப் போகிறாள், உலகமே கைதட்டப் போகிறது என்று பலநாள் கனவு கண்டிருக்கிறாள். கனவுதானே, காசா பணமா. இன்னொரு முடிச்சும் உண்டு. மச்சக்காரிக்கு மேற்குப் பக்கக் கிளைகளில் வருஷாவருஷம் காய் குலுங்குகிறது, அடியில் போய் நின்றால் தலையில் விழும். இவர்கள் உட்காருகிற இந்தக் கிழக்குக் கிளையில் ஒரு பிஞ்சுகூட நின்றதில்லை. மேற்குக் கிளை மெலிசு, ஆள் தாங்காது, கீழிருந்து பார்த்தால் இலை மறைக்கும், போய்ப் பார்க்கவும் வழியில்லை. கிழக்கில் ஏன் காய்க்கவில்லை? காலை வெயில் சூடு என்றாள், காற்றுப் போக்கு என்றாள், பெங்களூர் கூட்டத்தில் திரையில் படம் போட்டு அம்புக்குறி எல்லாம் வரைந்து விளக்கினாள், எல்லோரும் தலையாட்டினார்கள். மேடையை விட்டு இறங்கியபோது அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அப்போதுதான் கண்ணோரத்தில் என்னமோ ஊர்ந்தது. சீ. கொசுத்தேனீ. கொட்டத் தெரியாத, கொசு அளவே உள்ள கறுப்புக் குட்டித் தேனீ. வேர்வை எங்கே கிடைக்கும், கண்ணீர் எங்கே கிடைக்கும் என்று மனுச மூஞ்சியைத் தேடி வருவது இதன் பிழைப்பு. அம்பாசமுத்திரத்து வீட்டுச் சுவர் ஓட்டையில் ஒரு குடும்பமே இருந்தது, அப்பா அதைச் சிமெண்டு பூசி அடைக்க விடமாட்டார். ஒன்று வந்தது, பின்னால் இன்னொன்று, பின்னால் ஒரு கூட்டம். இமையில் உட்கார்ந்தன, மூக்கு ஓரத்தில், உதட்டு வேர்வையில், ஹெல்மெட்டுக்குள் புகுந்து காதுமடலில். சும்மா கிடங்களேன்! கையை வீசி விரட்டவும் முடியாது, கை அசைந்தால் கிளை அசையும், கிளை அசைந்தால் பூவுக்கு வருகிற பெரிய மனிதர் பயந்து திரும்பிப் போய்விடுவார். இமைத்தாள். பறந்தன. திரும்ப உட்கார்ந்தன. இவற்றை முதல் வருஷமே கணக்கிலிருந்து அடித்தாயிற்று, கூடாரத்துப் பக்கம் எவ்வளவு இருந்தாலும் இந்தப் பூப்பக்கம் ஒன்றுகூடத் தலைகாட்டியது இல்லை. அப்படி இருக்க இன்றைக்கு மட்டும் ஏன் இவ்வளவு உயரம் ஏறி வந்தன என்று ஆராய்ச்சிக்காரி கேட்டிருக்க வேண்டுமா இல்லையா? கேட்கவில்லை. அவள் புத்தி தகதகக்கிற பட்டாம்பூச்சியிலும் பெங்களூர் ஏசி அறையிலும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தது. அந்த அறையில் ஜன்னல் திறக்காது. போய்ப் பார்த்தாள், திறந்து பார்த்தாள், ஆணி அடித்த மாதிரி இருந்தது. மேடம் நல்லவர், கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னார், இசக்கி, போன வருஷம் நீ விழுந்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை, மூணு வருஷம் உழைத்துவிட்டாய், சில கேள்விகளுக்கு விடை கிடைக்காது, அதை ஒத்துக்கொள்வதும் விஞ்ஞானம்தான் என்று. சரிதான் மேடம் என்றாள் இவள். சரிதான் என்று சொன்ன வாய் அன்று ராத்திரி சோறு தின்னவில்லை. காட்டை விட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்? அட்டைக்கடி குறையும், நனைந்த சாக்ஸ் குறையும், கூடாரத்தில் மாசானம் வைக்கிற உப்பில்லாத ரசம் குறையும். ஆனால் காலையில் கண்ணைத் திறக்கும்போதே, இன்னைக்கு என்ன பாக்கப்போறோமோ என்று துள்ளி எழுகிற இசக்கி ஒருத்தி இருக்கிறாளே, அவளும் குறைந்துபோவாளே. அவள் இல்லாமல் மிச்ச இசக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கண் எரிந்தது. இடது இமையில் நின்ற குட்டி ஒன்று முடியைப் பிடித்துக்கொண்டு நாக்கை நீட்டி நீட்டிக் குடித்தது, அந்தக் கூச்சம் தாங்கமுடியாமல் சிரிப்பு வந்தது, சிரிப்பை அடக்கினாள். குடித்து முடித்து அது எழும்பியது. தொலையட்டும் என்று கண்ணாலேயே வழியனுப்பினாள். அது தொலையவில்லை. மூஞ்சிக்கு முன்னால் ஒரு வட்டம் போட்டது, இன்னொரு வட்டம், பிறகு நேரே போய் அந்த வெண்ணெய்க் குடுவையின் வாயில் இறங்கியது. இசக்கி அசையவில்லை. அது மீசையைத் துடைத்தது, இப்படிப் பார்த்தது, அப்படிப் பார்த்தது, பிறகு சொந்த வீட்டுக்குள் போகிற மாதிரி உள்ளே போய்விட்டது. உள்ளே! அந்தக் குறுகல் வாய் அதன் உடம்புக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருந்தது, ஒரு நூல் இடைவெளி இல்லை. நெஞ்சு அடித்த அடியில் கிளையே ஆடிவிடுமோ என்று அவளுக்குப் பயம். வெளியே வந்தது. முதுகில் மஞ்சள். முதுகு நிறைய மகரந்தம், திருநீறு பூசின மாதிரி ஒரே சீராக, பூவே தடவி அனுப்பியிருக்கிறது! கேமராவை அமுக்கினாள், அமுக்கினாளா, விரல் அமுக்கியது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மொட்டு விட்டது. மூக்கு ஓரத்தில் நின்றது ஒன்று எழும்பி அங்கே போனது. பிறகு இன்னொன்று. நீலமும் இல்லை, பொன்னும் இல்லை. உன் மூஞ்சியில் உட்கார்ந்திருக்கிறதையா மூணு வருஷம் வானத்தில் தேடினாய் கிறுக்கச்சி! நாளைக்கே எழுதலாம் என்று தோன்றியது, உடனே, இரு, ஒரு பூ இரண்டு பூவை வைத்து எப்படி எழுதுவது, மற்ற வருஷமெல்லாம் ஏன் வரவில்லை என்று மேடம் கேட்பாரே, கூட்டத்தில் எல்லோரும் கேட்பார்களே, வராமல் இருந்ததற்கு நான் என்ன பதில் சொல்ல என்று தோன்றியது, அந்த இடத்தில் யோசனை மறுபடியும் மாட்டிக்கொண்டு நின்றது.

காலுக்குக் கீழே சாமான் ஏற்றுகிற கயிறு கிர்ரென்று ஓடியது. கப்பியில் மாசானம் இழுத்துக்கொண்டிருந்தார். கயிற்று நுனியில் ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில், மஞ்சளும் பச்சையுமான தைலம் அதில் குலுங்க, ஆடி ஆடி மேலே வந்தது. மூடி சரியாக இறுகவில்லை போல, வழியெல்லாம் கிளையில் இடித்துச் சிந்திக்கொண்டே வந்தது. பாட்டில் வருவதற்கு முன்னாலேயே அதன் வாடை வந்துவிட்டது, எலுமிச்சம்புல், கற்பூரம், வேம்பு, மூணு வருஷத்துக் காலைநேரம் முழுக்க அந்த ஒரு வாடையில் இருந்தது. ஆகா என்று மூச்சை இழுத்தாள். இழுத்த அந்த நொடியில் மூஞ்சி வெறுமையானது. இமையில் இல்லை. உதட்டில் இல்லை. காதுமடலில் இல்லை. பூவாயில் இறங்கப் போன ஒன்று அந்தரத்திலேயே திரும்பியது. யாரோ வீட்டை விட்டு விரட்டினாற்போல் ஒன்றுவிடாமல் எல்லாம் போயாயிற்று. பூ மட்டும் வாயைத் திறந்துகொண்டு நின்றது. இசக்கி பூவைப் பார்த்தாள். பாட்டிலைப் பார்த்தாள். திரும்பி, இலைகளுக்கு அந்தப் பக்கம், யாரும் உட்காராத, யாரும் தைலத்தோடு போகாத மேற்குக் கிளையைப் பார்த்தாள். அங்கே காய் இருக்கிறது. இங்கே இல்லை. அய்யோ. அய்யய்யோ! வெயிலும் இல்லை, காற்றும் இல்லை, அம்புக்குறி போட்ட படமும் இல்லை. நாங்கதான். விருந்தாளி வருவாரா வருவாரா என்று வாசலிலேயே உட்கார்ந்து, உட்கார்ந்த வாடையாலேயே அவரைத் தெருமுனையோடு திருப்பி அனுப்பிவிட்டு, ஏன் வரவில்லை என்று மூணு வருஷம் மண்டையை உடைத்திருக்கிறோம்.

"இறக்குங்க!" என்று கத்தினாள். வாக்கி-டாக்கியை அமுக்க மறந்துவிட்டாள், காடே கேட்கிற மாதிரி கத்தினாள், சோலைமந்திகள் ஒரு கணம் வாயடைத்துப்போயின. பிறகு அமுக்கி, "அண்ணே, பாட்டில இறக்குங்க, இறக்குங்க, கொண்டு போயி ஓடைக்கு அந்தப் பக்கம் பொதச்சிருங்க!" "என்ன தங்கச்சி, என்ன ஆச்சு? கண்ணுல கிண்ணுல பட்டுட்டா?" "வந்துட்டுண்ணே!" "யாரு?" "கொசுத்தேனீ! பூவுக்குள்ள போவுது, முதுகு பூராம் மஞ்சளு, எங்கண்ணால பாத்தேன், படமும் எடுத்தாச்சு. உங்க தைலம் வந்ததும் அம்புட்டும் ஓடிட்டு." கயிறு நின்றது. பாட்டில் நடுவானத்தில் லேசாகச் சுற்றியது. மாசானத்துக்கு எல்லாம் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும், இறங்கினால் முழுசாக இறங்கும். "அப்ப," என்றார். "அப்ப இந்த மூணு வருஷமும்..." "ஆமாண்ணே." "நாமளே..." "ஆமாண்ணே. கெழக்க காய் நிக்காததும் அதுனாலதான்." பாவம், தன் தைலத்தைப் பற்றி அந்த மனுசன் எவ்வளவு பெருமை பேசியிருப்பார், மனசு விட்டுப்போயிருக்கும் என்று இசக்கி தவித்தாள், ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று வாயெடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. வாக்கி-டாக்கியில் இல்லை, நேராக, மரத்தடியிலிருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. "தங்கச்சி! நம்ம தைலம் அம்புட்டு வேலை செய்யுதுன்னு எழுதிப்போடு, என் பேரையும் சேர்த்து!" என்று இரைந்தார். கயிறு கிர்ரென்று ஓடியது, பாட்டில் இலைக்குள் மறைந்தது, சருகை மிதித்துக்கொண்டு அவர் ஓடையைப் பார்த்து ஓடுகிற சத்தம் தேய்ந்துபோயிற்று.

இனி வாடை போகணும். காற்று வா என்றாள், எந்தக் காற்றுக்கு உள்ளங்கை வேர்க்குமோ அதையே கூப்பிட்டாள். வந்தது. மச்சக்காரி நன்றாக ஒரு ஆட்டம் ஆடினாள், நல்லா ஆடுட்டி. கொத்தில் மூணு நாலு பூ திறந்திருந்தது, உச்சி வெயிலுக்குள் மூடிக்கொள்ளும், அதற்குள் திரும்பி வருவார்களா? வருவார்கள். வராவிட்டாலும் இப்போது தெரியும், எப்படி உட்கார வேண்டும் என்று தெரியும், வர்ற வருஷம் தெரியும், அதற்கடுத்த வருஷம் மற்ற மரங்களிலும் பார்க்கலாம், பாதி ஆள் தைலத்தோடும் பாதி ஆள் தைலமில்லாமலும் உட்கார்ந்து, மேடம், எனக்கு இன்னும் கெடு வேணும், அந்த ஜன்னல் திறக்காத அறையை வேற யாருக்காவது கொடுங்க, அம்மா, நானும் டேவிட்டு மாதிரி இன்னைக்குக் கைநிறைய எறங்குதேன். நினைக்க நினைக்கக் கண் நிரம்பி வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. இடது இமையில் ஒரு குறுகுறுப்பு. பிறகு வலது இமையில். பிறகு கன்னத்தில், வழிந்துகொண்டிருந்த கோட்டின் மேலேயே, ஒன்றன் பின் ஒன்றாக. கையை மெதுவாக இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். தோளில் கரகரத்தது. "பொதச்சிட்டேன் தங்கச்சி. என்ன, சத்தத்தையே காணோம், அழுதியா?"

"ஆமாண்ணே" என்றாள் இசக்கி, உதடு அசையாமல், கண்ணை நன்றாக விரித்துக்கொண்டு. "அவுகளுக்குத் தண்ணி வேணும்லா."